தண்டுமேட்டு அரக்கனுக்கு ஒரு நோட்டீஸ்

பாதுகாப்பு அமைச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்று சொன்னால், கேட்பவர் முதலில் என் முகத்தைப் பார்ப்பார், பிறகு தொப்பையைப் பார்ப்பார், அதற்கப்புறம் எந்த பார்டரில் இருந்தீர்கள் என்று கேட்பார். தர்மபுரிக்கு வடக்கே, பழைய பெங்களூர் ரோட்டு ஓரம் என்பேன். பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

போன மாதம் டிரோன் பறக்கவிட்டு நிலம் அளக்க வந்த இரண்டு இளம் பொறியாளர்களும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். இந்தக் காலி இடத்துக்கு ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்களா, அவர் என்னதான் செய்தார் என்று கேட்டார்கள். டீ ஆறும்வரை சொன்னேன். எழுதிக் கொடுங்கள் சார் என்றார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். ஆபீஸ் கடிதங்களைப் படித்துப் படித்துத்தான் மிச்ச எழுத்து வந்தது. அந்தக் கணக்கில் இதைப் படியுங்கள்.

எங்கள் ஊர்க்காரர்கள் அந்த இடத்தைத் தண்டுமேடு என்பார்கள். தண்டு என்றால் பட்டாளம். வெள்ளைக்காரன் காலத்தில் சேலத்திலிருந்து பெங்களூருக்கு நடந்தே போன பட்டாளம் ராத்தங்கிப் போவதற்காக ஒதுக்கிய முகாம் மைதானம் அது. பட்டாளம் நடப்பதை நிறுத்தி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. மைதானம் மட்டும் நிற்கிறது. நான்கு பக்கமும் எல்லைக்கல், நடுவில் கோரைப்புல், கிழக்கே பார்த்தால் வத்தல்மலை. அதற்குக் காவலாளி நான்.

வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் கழித்துப் பயிற்சி என்று மேலாபீஸுக்கு ஒரு வாரம் கூப்பிட்டார்கள். எல்லைக்கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பது, புல் ஏலம் விடுவது, மாதாமாதம் "நிலைமையில் மாற்றமில்லை" என்று எழுதி அனுப்புவது, இந்த மூன்றும் சொல்லிக் கொடுத்தார்கள். மீதி நேரம் அமைச்சகத்தின் படத்தைச் சுவரில் மாட்டி விளக்கினார்கள். மேலே மந்திரி. அவருக்குக் கீழே செயலாளர்கள். முப்படை விவகாரத்துக்கு ஒரு துறை, தளவாட உற்பத்திக்கு ஒன்று, ஆராய்ச்சிக்கு ஒன்று, முன்னாள் வீரர்கள் நலனுக்கு ஒன்று, இவற்றோடு பாதுகாப்புத் துறை என்றே ஒன்று. அந்தக் கடைசித் துறையின் ஒரு மூலையில்தான் நிலங்களைப் பார்க்கிற பிரிவு இருந்தது. துப்பாக்கி பிடிப்பவர் வேறு, துப்பாக்கி வாங்கக் கையெழுத்துப் போடுபவர் வேறு, துப்பாக்கியோடு வந்தவர் படுக்க இடம் வைத்திருப்பவர் வேறு என்று நான் புரிந்துகொண்டேன். இன்றைக்கும் அந்தப் புரிதலில் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

ஊருக்குத் திரும்பி, மேட்டுக்கு எதிரில் டீக்கடை வைத்திருக்கும் பாப்பாத்தி அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். ஆற்றிய டீயைக் கையில் கொடுத்துவிட்டு அக்கா கேட்டது இதுதான்.

"அப்ப சண்டை வந்தா ஒனக்கு லீவா தம்பி?"

சண்டை வந்தாலும் நான் கல்லை எண்ணிக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்றேன். எண்ணு, கல்லு ஓடிரப் போவுது என்றார்.

அக்கா வாயிலிருந்து விழுவதைக் கேட்பதற்கென்றே அந்தக் கடைக்கு வருகிறவர்கள் உண்டு. மலை பஸ் தாமதமாக வந்தால், "பஸ்ஸு மலையில பொண்ணு பாக்கப் போயிருக்குது" என்பார். பேச்சில் அக்காவுக்கு ஓர் உரிமையும் உண்டு. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

பங்குனியில் எங்கள் காளியம்மன் பண்டிகையின் கடைசி நாள், தண்டுமேட்டில் ஓர் அரக்கனைப் படுக்கவைப்பார்கள். ஏரியிலிருந்து வண்டி வண்டியாகக் களிமண் அடித்து, முந்தின நாள் சாயங்காலம் ஆரம்பித்து, விடிவதற்குள் ஒரு லாரி நீளத்துக்கு மல்லாந்து கிடக்கிற ஆள் தயார். உருட்டிய கண், முறுக்கிய மீசை, இடுப்பில் சோளத்தட்டுக் கச்சை. அவன் தலைமாட்டில் நின்று, அவனுக்குப் பதிலாக ஒருவர் பேச வேண்டும். "இந்த மேடு என்னுது, எவ வந்தாலும் எந்திரிக்க மாட்டேன்" என்று மூன்று தடவை வீம்பு பேச வேண்டும். அந்தப் பேச்சைக் கேட்டால்தான் சாமியாடிமேல் அம்மன் இறங்கும். இறங்கிய அம்மன் உச்சிப்பொழுதுக்குள் அரக்கன் நெஞ்சில் ஏறி மிதித்துவிடும். பிறகு ஊரே கூடி ஆளுக்கு ஒரு பிடி மண் எடுத்துப்போய்த் தங்கள் வயற்காட்டில் போடும். பேசுகிற உரிமை அக்காவின் புகுந்த வீட்டுக்கு உரியது. வீட்டுக்காரர் போன பிறகு அக்கா பேசினார்.

"கோயில்ல ஒருத்தருக்கு மொதத் தேங்கா, ஒருத்தருக்குப் பரிவட்டம். எங்க வூட்டுக்கு அரக்கன் வாயி. எங்களுக்கு இருக்கிற மரியாதை அது ஒன்னுதான்" என்று அடிக்கடி சொல்வார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அதில் விளையாட்டு கிடையாது.

நான் வேலைக்குச் சேருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இது நடக்கிறது. பண்டிகை முடிந்ததும் மேட்டைக் கூட்டித் தள்ளிவிடுவார்கள். நானும் நிலைமையில் மாற்றமில்லை என்று எழுதிவிடுவேன். மாற்றம் இல்லைதானே.

நடுவில் ஒரு முறை நிஜப் பட்டாளமே வந்தது. பச்சை லாரிகள் வரிசையாக ரோட்டு ஓரம் நின்றன. இத்தனை வருஷம் பொத்திப் பொத்திக் காத்த இடத்துக்குச் சொந்தக்காரர் வந்துவிட்டார். சட்டையை மாற்றிக்கொண்டு ஓடிப்போய் ஹவில்தாருக்கு சல்யூட் அடித்து, முகாம் மைதானம் தயாராக இருக்கிறது, எல்லைக்கல் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் மைதானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நல்ல பரோட்டா எங்கே கிடைக்கும் என்று கேட்டார். தங்குவதற்கு அவர்களுக்கு வேறெங்கோ ஏற்பாடு ஆகியிருந்தது. லாரிகள் போன புழுதி அடங்கும்வரை நின்றுகொண்டிருந்தேன். அக்கா என்னைக் கூப்பிட்டு டீ கொடுத்து, பொண்ணு பாக்க வந்தவங்க பஜ்ஜி தின்னுட்டுப் போன மாதிரி ஆயிருச்சு என்றார்.

இனி எங்கள் அதிகாரி சுப்பாராவ் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆந்திராக்காரர். தமிழைத் தண்டவாளத்தில் போகிற மாதிரி மெதுவாக, நேராகப் பேசுவார். யாரையும் மரியாதை இல்லாமல் கூப்பிட மாட்டார். நான் மாது காரு. ஜீப் டிரைவர் டிரைவர் காரு. எல்லைக்கல்லைப் பார்வையிடும்போது ஒவ்வொரு கல்லின் தலையிலும் கன்றுக்குட்டியைத் தட்டுவது போல ஒரு தட்டு தட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார். வறுத்த வேர்க்கடலை என்றால் உயிர். ஆனால் தோலைப் பாதுகாப்பு நிலத்தில் போடக் கூடாது என்று பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். சாயங்காலம் ஜீப்பில் ஏறும்போது இரண்டு பாக்கெட்டும் புடைத்திருக்கும். ஒரு கேள்வியை மூன்று தடவை கேட்பார், குரல் மாறாது. முதல் பதில் பயத்தில் வரும், இரண்டாவது பதில் யோசித்து வரும், மூன்றாவதுதான் பதில் என்பார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் மேலாபீஸில் வானத்திலிருந்து எடுக்கிற படங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை வந்தது. கம்ப்யூட்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் வைத்துப் பார்த்து, புதிதாக எது முளைத்திருந்தாலும் சிவப்பு வட்டம் போட்டுவிடும். அந்தப் பங்குனியில், அரக்கன் உயிரோடு இருந்த அந்தச் சில மணி நேரத்தில், மேலே என்னமோ கடந்து போயிருக்கிறது. எனக்குக் கடிதம் வந்தது. தங்கள் பொறுப்பிலுள்ள நிலத்தில் மனித உருவ அமைப்புள்ள அனுமதியற்ற கட்டுமானம் காணப்படுகிறது. ஆக்கிரமிப்பாளரின் விவரங்களை இணையதளத்தில் உடனே பதியவும்.

அது கட்டுமானம் இல்லை, அரக்கன், அவனும் செத்துவிட்டான் என்று எழுதினேன். சார் போன் செய்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் சிவப்பு வட்டத்துக்குப் புரியவில்லை, அது பெயர் கேட்கிறது மாது காரு, போட்டு மூடிவிடுங்கள் என்றார்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து செல்போனில் பதிந்தோம். நான், அக்கா, கோயில் தர்மகர்த்தா முனுசாமி மாமா. பெயர் அரக்கன் என்று போட்டோம். தகப்பனார் பெயர் கேட்டது. மண்ணைக் குழைப்பது மாமாதானே, அவர் பெயரைப் போடலாம் என்றார் அக்கா. மாமா துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகவில்லை. கடைசியில் மண் என்றே போட்டோம், ஏற்றுக்கொண்டது. தொழில் என்ற இடத்தில் அக்கா, "படுத்துக் கெடக்கிறது" என்றார். அதையும் ஏற்றுக்கொண்டது. காலி செய்தாரா என்றதற்கு ஆம். காலி செய்தவர் யார் என்றதற்குக் காளியம்மன். பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று ஆளுக்கு ஒரு டீ குடித்தோம்.

தீரவில்லை. காலி செய்த ஆக்கிரமிப்பாளர் திரும்ப வருகிறாரா என்று கண்காணிக்க அந்தக் கம்ப்யூட்டரில் தனி ஏற்பாடு இருந்திருக்கிறது. அடுத்த பங்குனி நெருங்கும்போது உத்தரவு வந்தது. மேற்படி அரக்கன் என்பவர் மீண்டும் ஆக்கிரமிக்கும் வாய்ப்பு உள்ளது. ஆக்கிரமித்தால் சட்டப்படி நோட்டீஸ் சார்வு செய்து, விசாரித்து, அவரது உரிமை கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் நிலத்தைச் சுற்றி நிரந்தர முள்வேலி அமைத்துப் பூட்டவும்.

மாமாவிடம் படித்துக் காட்டினேன். சார்வு என்றால் நோட்டீஸை ஆளிடம் நேரில் சேர்ப்பது என்றும் சொன்னேன். வேறு இடத்தில் படுக்கவைக்க முடியாதா என்று கேட்டேன். அரக்கன் விழுந்த இடம் இதுதான், அம்மன் வேறெங்கும் வராது என்றார். வேலி போடுகிறவன் கையை வெட்டுவேன் என்றும் சொன்னார். அவருக்குச் சர்க்கரை, ஏரிக்கரை ஏறினாலே மூச்சு வாங்கும். அக்கா எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் போட்ட டீயில் சர்க்கரை இல்லை. நான் சொல்லவுமில்லை, குடித்துவிட்டேன்.

பண்டிகையின் கடைசி நாள் காலையில் ஜீப் வந்தது. பின்னாலேயே முள்கம்பிச் சுருளும் சிமென்ட் தூணும் ஏற்றிய லாரி, தூண் நட ஆட்கள். மேட்டில் அரக்கன் மல்லாந்து கிடக்கிறான், சுற்றி ஊர் நிற்கிறது, பம்பைக்காரர்கள் மேளத்தோலைக் காயவைத்துக்கொண்டிருக்கிறார்கள். சுப்பாராவ் சார் இறங்கினார். வழக்கம்போல எல்லைக்கல்லைத் தட்டினார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு அரக்கனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மீசை நன்றாக வந்திருக்கிறது என்றார்.

பிறகு வேலையை ஆரம்பித்தார். நோட்டீஸ் ஆக்கிரமிப்பாளருக்கு எதிரிலேயே, அவருக்குத் தெரிந்த மொழியில், சத்தமாகப் படிக்கப்பட வேண்டும். கண்ணில் படும் இடத்தில் ஒட்டப்பட வேண்டும். சாட்சிகள் வேண்டும். அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். ஒன்றையும் விட முடியாது என்றார். எனவே நான் அரக்கன் தலைமாட்டில் நின்று, திரு. அரக்கன், தகப்பனார் பெயர் மண், அவர்களுக்கு என்று ஆரம்பித்து, காரணம் காட்டும் அறிவிப்பை முழுவதும் படித்தேன். கூட்டத்தில் ஒரு சிரிப்பு இல்லை. சாமி காரியம் என்றே நினைத்துக் கைகட்டிக் கேட்டார்கள். ஒரு பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டதையும் பார்த்தேன். ஒட்டுவதற்குக் கண்ணில் படும் இடம் மூக்கு. ஈர மண்ணில் பசை பிடிக்காமல் கடைசியில் இரண்டு வேப்பங்குச்சியால் குத்தி வைத்தேன்.

"அரக்கன் காரு ஏதாவது சொல்லணுமா?" என்று சார் கேட்டார்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா முன்னால் வந்து தலைமாட்டில் நின்றார். அப்போதுதான் எனக்குச் சிக்கல் உறைத்தது. வழக்கப்படி அக்கா வீம்பு பேச வேண்டும். இந்த மேடு என்னுது என்று சொன்னால் அது உரிமை கோரிக்கை. சார் எழுதிக்கொள்வார், நிராகரிப்பார், லாரியிலிருந்து தூண் இறங்கும். சொல்லாவிட்டால் அம்மன் இறங்காது, பண்டிகை பாதியில் நின்று போகும். மாமா பக்கத்தில் வந்து, சொல்லாதே பாப்பாத்தி, இந்த ஒரு வருசம் வாயை மூடிக்கோ என்று கெஞ்சினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

அக்கா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார். மாமாவை ஒரு பார்வை பார்த்தார். "வாயி குடுத்திருக்கிறது மூடறதுக்கா?" என்று கேட்டார். பிறகு வயிற்றிலிருந்து குரலெடுத்தார்.

"இந்த மேடு என்னுது. எவ வந்தாலும் எந்திரிக்க மாட்டேன்."

மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் சார் எழுதிக்கொண்டார். லாரியில் ஒருவன் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குரல் மாறாமல் கேட்டார். "அரக்கன் காரு, நீங்க இங்க எப்பத்திலிருந்து இருக்கீங்க?"

அக்கா திகைத்துவிட்டார். வழக்கத்தில் அரக்கனை யாரும் கேள்வி கேட்டதில்லை. குனிந்து மண் முகத்தைப் பார்த்துவிட்டு, "நேத்து சாயங்காலத்திலிருந்துங்க" என்றார். குரல் அக்காவுடையதாக மாறியிருந்தது.

"மண்ணு எங்க எடுத்தீங்க?"

"ஏரியிலிருந்துங்க. இந்த மேட்டுல ஒரு கூடை தொடலீங்க."

"எப்ப வரைக்கும் இருப்பீங்க?"

"உச்சிக்குள்ள மிதிச்சிக் கொன்னுடுவாங்க சாமி. அதுக்கப்பறம் நான் எங்க இருக்கறது?"

சார் அதையே இன்னொரு தடவை கேட்டார். அக்கா அதையே சொன்னார். மூன்றாவது தடவை கேட்டபோது அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வருசத்துல ஒரு ராத்திரிங்க. வந்து படுத்துட்டு, நாலு வார்த்தை பெருசாப் பேசிட்டு, செத்துப் போயிருவேன். அந்த ஒரு ராத்திரியும் வேண்டாம்னா, எங்க வூட்டுக்கு இந்த ஊருல ஒன்னும் இல்லீங்க."

சார் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுதினதையெல்லாம் மறுபடி படித்தார். பாக்கெட்டில் கைவிட்டார், கடலைத்தோல்தான் வந்தது, திரும்ப உள்ளே போட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மாது காரு, வெளியிலிருந்து வர்றாரு. தனக்கு வேண்டிய சாமான் தானே கொண்டு வர்றாரு. ஒரு ராத்திரி தங்குறாரு. மறுநாள் காலி பண்றாரு. இதுக்குப் பேரு என்ன?"

முகாம் சார் என்றேன்.

"இது என்ன மைதானம்?"

"முகாம் மைதானம் சார்."

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. அவன் மேடு என்னுதுன்னு சொன்னானே, அது பரவாயில்லையா என்று அவரே கேட்டுவிட்டார். அக்கா அவர் காலை மிதித்தார்.

"முகாம் போடறவங்க ராத்திரி பெருமை பேசறது சகஜம். அதுக்கு ரூல்ல தடை இல்ல" என்றார் சார். உரிமை கோரிக்கை நிராகரிக்கப்பட்டது என்று எழுதவில்லை. தற்காலிக முகாம், கோரிக்கை எதுவுமில்லை, வேலி தேவையில்லை என்று எழுதி, ஜீப் பானெட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். முகாம் காலி செய்ததும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும், அதற்குப் பொறுப்பு யார் என்று கேட்டார். அக்கா கையைத் தூக்கினார்.

அதற்குள் பம்பை எழுந்துவிட்டது. மூன்று தடவை வீம்பு கேட்ட அம்மன் இதற்குமேல் காத்திருக்குமா? சாமியாடி ஓடிவந்து அரக்கன் நெஞ்சில் ஏறினார். நோட்டீஸும் வேப்பங்குச்சியும் மூக்கோடு மண்ணுக்குள் போயின. சார்வு செய்ததற்கு அத்தாட்சி போயிற்றே சார் என்றேன். சாட்சிகள் இருக்கிறார்களே என்று ஊரைக் காட்டினார். லாரி ஆட்கள் கயிற்றைத் திரும்பக் கட்டிவிட்டு, அன்னதானப் பந்தியில் எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தக் கோடையிலேயே நான் ஓய்வு பெற்றேன். என் இடத்துக்கு ஆள் போடவில்லை. மறுவருஷம் மாசியில் அக்கா கடைக்கு ஒரு தபால் வந்தது. பெறுநர் திரு. அரக்கன், முகாம் பொறுப்பாளர் மூலமாக. அக்கா அதை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். இவ்வாண்டு தங்கள் முகாம் நடைபெறும் தேதியையும், குடிநீர், வெளிச்சம், கூடாரம் முதலிய தேவைகளையும் முன்கூட்டித் தெரிவிக்கவும் என்று இருந்தது. கீழே சுப்பாராவ் சாரின் கையெழுத்து.

பதில் எழுத உட்கார்ந்தேன். தேதியைப் போட்டேன். தேவைகள் என்ன எழுதட்டும் அக்கா என்று கேட்டேன். பாலைக் கிளறிக்கொண்டே யோசித்தார்.

"தண்ணி வேண்டாம், வெளக்கு வேண்டாம், கூடாரமும் வேண்டாம்னு எழுது. போன வருசம் மாதிரி, சொல்றதைக் கேக்க ஒரு அதிகாரி வந்தாப் போதும்."

அப்படியே எழுதினேன். அரக்கனுக்காக என்று போட்ட இடத்தில் அக்கா கையெழுத்துப் போட்டார்.